ஒரு மாநகரின் சிறுநீரகம்

மாணவர்களே! இன்று காலை உங்கள் வீட்டில் எல்லோரும் குளித்திருப்பீர்கள். அரிசி களைந்திருப்பார்கள், பாத்திரம் துலக்கியிருப்பார்கள், துணி துவைத்திருப்பார்கள். இதற்கெல்லாம் நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், “கிணற்றிலிருந்து”, “குழாயிலிருந்து” என்று உடனே விடை சொல்லிவிடுவீர்கள். அந்த நீர் பிறகு எங்கே போயிற்று என்று கேட்டால், “சாக்கடைக்கு” என்பீர்கள். சரி, சாக்கடை எங்கே போகிறது? இங்கேதான் நம்மில் பலர் விழிப்போம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒருவர் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரைக் கழிவாக வெளியேற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி மக்கள் வாழும் மாநகரில் ஒரு நாளில் சேரும் கழிவுநீர் 100 கோடி லிட்டர். ஒரு கிலோமீட்டர் நீளமும், ஒரு கிலோமீட்டர் அகலமும், ஒரு மீட்டர் ஆழமும் உள்ள ஏரியை இது நிரப்பிவிடும்! இன்று ஓர் ஏரி, நாளை இன்னோர் ஏரி என்று நாள்தோறும் சாக்கடை பெருகினால் அந்த நகரம் என்ன செய்யும்?

இக்கேள்விக்கு வியப்பான விடை ஒன்றை நம் நாட்டு மாநகரம் ஒன்று கண்டுபிடித்தது. அது கொல்கத்தா. கண்டுபிடித்தவர்களுள் பொறியியலாளரும் உண்டு. ஆனால் முதலிடம் மீன் வளர்ப்போருக்கே உரியது.

கிழக்கே சாய்ந்த நகரம்

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த நகரம். ஆற்றங்கரை நகரின் சாக்கடை ஆற்றை நோக்கித்தான் ஓடும் என்று நாம் எண்ணுவோம். கொல்கத்தாவில் அப்படியில்லை. ஆறு கரைபுரண்டு ஓடும்போது பருமனான மணலையும் வண்டலையும் கரையோரத்திலேயே போட்டுவிடும்; நுண்ணிய வண்டலை மட்டும் தொலைவுக்கு எடுத்துச் செல்லும். பல நூற்றாண்டுகள் இவ்வாறு நடந்ததால் ஆற்றங்கரை மேடாகவும், அங்கிருந்து கிழக்கே போகப் போக நிலம் தாழ்வாகவும் அமைந்துவிட்டது. நகரம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சாய்ந்திருக்கிறது எனலாம்.

ஆகவே 19ஆம் நூற்றாண்டில் நிலத்தடிச் சாக்கடை அமைத்த பொறியியலாளர்கள் அதைக் கிழக்கு நோக்கியே கொண்டு சென்றனர். கிழக்கே அப்போது பரந்த உப்பு ஏரிகள் இருந்தன. வித்யாதரி என்னும் ஆற்றின் வழியாகக் கடல் நீர் ஓதத்துடன் ஏறிவந்து அவற்றை நிரப்பும். அந்த ஆறுதான் நகரின் கழிவையும் கடலுக்கு எடுத்துச் சென்றது. நாளடைவில் வித்யாதரி வண்டலால் தூர்ந்தது. 1928ஆம் ஆண்டில், இனி இந்த ஆறு வடிகாலாகப் பயன்படாது என்று அறிவிக்கப்பட்டது. நகரின் சாக்கடைக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. மாநகராட்சிப் பொறியியலாளர் பி. என். டே வகுத்த திட்டத்தின்படி, இன்னும் கிழக்கே உள்ள குல்டி ஆறு வரை நீண்ட கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1943இல் அவை பயனுக்கு வந்தன. வறண்ட நாட்களின் சாக்கடைக்கு ஒரு கால்வாய். மழை வெள்ளத்திற்கு மற்றொன்று.

இதற்கிடையே, கடல் நீர் வருவது நின்றுபோனதால் உப்பு ஏரிகளில் மீன் வளர்த்தவர்கள் தவித்தனர். அருகில் ஓடியதோ நகரத்துச் சாக்கடை ஒன்றுதான். 1930ஆம் ஆண்டை ஒட்டி, சிலர் துணிந்து அதைத் தங்கள் குளங்களில் திருப்பிவிட்டுப் பார்த்தனர். மீன் சாகவில்லை, கொழுத்து வளர்ந்தது! அண்டை அயலார் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினர். சாக்கடையில் மீன் வாழ்வது எப்படி? அதைக் காணுமுன் சாக்கடை என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம்.

சாக்கடையில் இருப்பது என்ன?

நகரச் சாக்கடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் வெறும் நீர்தான். எஞ்சியிருக்கும் மிகச் சிறிய பங்குதான் தொல்லை தருவது. மலம், உணவுத் துணுக்கு, எண்ணெய், சோப்பு ஆகியவற்றால் ஆன கரிமப் பொருள்களும், நோய்க் கிருமிகளும் அதில் அடங்கும்.

கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் தின்று சிதைக்கின்றன. அதற்கு அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை, அதாவது ஆக்சிஜனை, எடுத்துக்கொள்கின்றன. இவ்வாறு தேவைப்படும் ஆக்சிஜனின் அளவை ‘உயிர்வேதி ஆக்சிஜன் தேவை’ என்பர். இது எவ்வளவு அதிகமோ, நீர் அவ்வளவு அசுத்தம். நடுத்தரமான நகரக் கழிவுநீரில் ஒரு லிட்டருக்கு இத்தேவை சுமார் 200 மில்லிகிராம். ஆனால் நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனோ சுமார் 8 மில்லிகிராம்தான். 200ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் சாக்கடை 25 லிட்டர் தூய நீரின் ஆக்சிஜன் முழுவதையும் உறிஞ்சிவிடும்! சாக்கடை கலந்த ஆற்றில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆக்சிஜன் தீர்ந்தபின் அது தேவைப்படாத வேறு பாக்டீரியாக்கள் பெருகி, நாற்றம் வீசும் வாயுக்களை வெளிவிடுகின்றன.

எனவே சாக்கடையைச் சுத்தம் செய்வது என்றால், பெரும்பாலும் அதற்கு ஆக்சிஜன் ஊட்டுவது என்று பொருள். சுத்திகரிப்பு ஆலைகளில் பெரிய தொட்டிகளில் இயந்திரங்களைக் கொண்டு காற்றைச் செலுத்துகிறார்கள். பாக்டீரியாக்கள் விரைவில் வேலையை முடித்துவிடும். ஆனால் இயந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும். இத்தகைய ஆலைகளில் செலவாகும் மின்சாரத்தில் பெரும் பங்கு காற்றூட்டுவதற்கே போய்விடுகிறது.

குளத்தில் நடக்கும் கூட்டு வேலை

கொல்கத்தாவின் கிழக்கே உள்ள மீன் குளங்களை அவ்வூரார் ‘பேரி’ என்பர். பரப்பு மிகப் பெரிது. ஆழம் மிகக் குறைவு. பெரும்பாலானவற்றில் ஒரு சிறுவன் இறங்கி நின்றால் நீர் இடுப்பளவோ மார்பளவோதான் இருக்கும். இந்த ஆழமின்மையில்தான் மருமம் இருக்கிறது. ஆழம் குறைந்த நீரில் வெயில் நன்கு ஊடுருவும். காற்று வீசினால் மேல்நீரும் அடிநீரும் எளிதில் கலக்கும்.

குளத்துக்குள் கழிவுநீர் வந்ததும் பாக்டீரியாக்கள் கரிமப் பொருளைச் சிதைத்து, கரியமில வாயுவையும் அம்மோனியா, பாஸ்பேட்டு முதலிய உப்புகளையும் வெளிவிடுகின்றன. இவை பாக்டீரியாக்களுக்குக் கழிவு. ஆனால் நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளுக்கு இவையே உணவு! பாசிகள் வெயிலின் துணையால் ஒளிச்சேர்க்கை செய்து வளர்கின்றன. வளரும்போது ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. அந்த ஆக்சிஜன் யாருக்குத் தேவை? பாக்டீரியாக்களுக்கு. ஒருவர் கழித்ததை மற்றவர் உண்ணும் இந்த ஏற்பாட்டில் இயந்திரத்திற்கு வேலையே இல்லை. ஆலையில் மின்சாரம் செய்ததைக் குளத்தில் சூரியன் செய்கிறது.

பாசி அளவுக்கு மீறிப் பெருகினாலும் ஆபத்துதான். இரவில் ஒளிச்சேர்க்கை நடவாது. பாசிகளும் நம்மைப் போலவே ஆக்சிஜனைச் சுவாசிக்கும். அதனால் விடியற்காலையில் குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். பாசி மிகுந்தால் மீன் மூச்சுத் திணறும். இங்கேதான் மீன்களே காவலர்களாகின்றன. சில மீன்கள் பாசியை நேரே உண்கின்றன. சில, பாசியைத் தின்னும் நுண்ணிய மிதவை விலங்குகளை உண்கின்றன. சில, அடிச்சேற்றைக் கிளறி இரை தேடுகின்றன. கட்லா, ரோகு, மிர்கால், வெள்ளிக்கெண்டை, ஜிலேபிக் கெண்டை என்று பலவகை மீன்களைச் சேர்த்து வளர்ப்பதன் பயன் இதுவே.

நோய்க் கிருமிகள் என்னவாகின்றன? பகலில் பாசிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ள, நீரின் காரத்தன்மை உயர்கிறது. மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் காரநீரையும் வெயிலையும் தாங்கமாட்டா; நாட்கள் செல்லச் செல்ல மடிகின்றன. அங்கு நடந்த ஆய்வுகளில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 80 சதவீதத்திற்கு மேல் குறைவதும், குடல் பாக்டீரியாக்கள் 99 சதவீதத்திற்கு மேல் அழிவதும் அறியப்பட்டுள்ளன. ஆயினும் மீனை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும் என்பதை மறக்கலாகாது.

நிறம் பார்த்து நீர் விடுபவர்

இவையெல்லாம் தாமாக நடந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். குளிர்காலத்தில் குளத்து நீரை வடித்து, அடிச்சேற்றை வெயிலில் காயவிடுகிறார்கள். கரைகளைச் செப்பனிடுகிறார்கள். பிறகு கழிவுநீரை விட்டுச் சில வாரங்கள் அப்படியே வைக்கிறார்கள். நீர் கறுப்பு மாறிப் பசுமை பெற வேண்டும். முதலில் சில மீன்களை மட்டும் விட்டுப் பார்ப்பார்கள். அவை பிழைத்தால்தான் மற்றவற்றை விடுவார்கள். அதன்பின் அவ்வப்போது அளவாகக் கழிவுநீரைத் திறந்துவிடுவார்கள். எவ்வளவு விடலாம் என்பதை நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே முடிவு செய்கிறார்கள். பரம்பரையாக வந்த இந்த அறிவு எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்பட்டதன்று.

கரையோரங்களில் ஆகாயத் தாமரையை வளர்ப்பதும் உண்டு. மற்ற இடங்களில் தொல்லையான இச்செடி இங்கே அலை மோதிக் கரை கரையாமல் காக்கிறது. அதன் வேர்கள் நீரிலுள்ள உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கின்றன.

மீன் குளங்களின் எண்ணிக்கை 250க்கும் மேல். பரப்பு சுமார் 3,800 ஹெக்டேர். நகரிலிருந்து கிழக்கே வரும் கழிவுநீர் நாளொன்றுக்குச் சுமார் 75 கோடி லிட்டர். குளங்களின் ஆழம் ஒரு மீட்டர் என்று கொண்டால், அவை கொள்ளும் நீர் 3,800 கோடி லிட்டர். அதாவது, ஏறத்தாழ 50 நாள் கழிவுநீர் அவற்றில் தங்கி நிற்க இடமுண்டு. உண்மையில் கழிவுநீர் முழுவதும் குளங்களுக்குள் செல்வதில்லை. மீதி கால்வாய் வழியே குல்டிக்குப் போகிறது. எனினும், பாக்டீரியாவும் பாசியும் பொறுமையாக வேலை செய்ய இத்தனை பெரிய பரப்பு எவ்வளவு தேவையானது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இக்குளங்களிலிருந்து ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் கிடைக்கிறது. குளங்களிலிருந்து வடியும் நீர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. அருகிலுள்ள தாப்பா என்னும் இடத்தில் நகரத்துக் குப்பை மக்கி உரமான நிலத்தில் காய்கறி விளைகிறது. அந்த மீனும் நெல்லும் காய்கறியும் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரச் சந்தைக்கே திரும்பிப் போகின்றன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு இதுவே பிழைப்பு. மேலும், பெருமழையில் நகரத்து வெள்ளம் வடிந்து நிற்கவும் இத்தாழ்நிலமே இடம் தருகிறது. நம் உடலில் இரத்தத்தைச் சுத்திகரிப்பது சிறுநீரகம்; அதுபோல நகரின் நீரைச் சுத்திகரிப்பதால் இதனைக் கொல்கத்தாவின் சிறுநீரகம் என்கிறார்கள்.

கணக்கில் வராத நிலம்

ஆனால் நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. 1951இல் கொல்கத்தா பெருநகரப் பகுதியில் சுமார் 47 லட்சம் மக்கள் இருந்தனர். 2011இல் அது 1 கோடியே 41 லட்சம். மும்மடங்கு! மேற்கே ஆறு தடுத்தது. எனவே நகரம் கிழக்கேயும் பரவியது. 1960களில் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து வடக்குப் பகுதி உப்பு ஏரிகளைத் தூர்த்தனர். அங்கே எழுந்ததுதான் சால்ட் லேக் என்னும் விதான்நகர். மக்களுக்கு வீடு தேவைதான். அதை மறுக்க முடியாது. ஆனால் தூர்த்த ஒவ்வொரு குளத்தோடும் நகரம் தன் சிறுநீரகத்தில் ஒரு துண்டை இழந்தது. இது எவர் கணக்கிலும் வரவில்லை. ஏன்? நிலத்தின் விலைப் பத்திரத்தில் வீட்டுமனைக்கு விலை உண்டு. சாக்கடையைச் சுத்தம் செய்யும் பணிக்கு எவரும் விலை எழுதுவதில்லை!

1980களின் தொடக்கத்தில் மாநில அரசின் பொறியியலாளரான துருபஜோதி கோஷ், நகரத்துச் சாக்கடை என்னவாகிறது என்னும் கேள்வியுடன் கால்வாய்களைப் பின்தொடர்ந்து சென்றார். குளங்களைக் கண்டார், மீனவர்களிடம் பாடம் கேட்டார். ஆலைக்கும் மின்சாரத்துக்கும் பெரும் பொருள் செலவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அங்கே ஓசையின்றி நடப்பதைக் கணக்கிட்டு உலகுக்கு எடுத்துரைத்தார். அப்பகுதியின் எல்லைகளை வரைபடத்தில் குறித்தவரும் அவரே. 2018இல் அவர் மறையும் வரை இந்நிலத்தைக் காப்பதே அவர் வாழ்நாள் பணியாக இருந்தது.

அந்த வரைபடம் விரைவிலேயே பயன்பட்டது. மேலும் குளங்களைத் தூர்க்க முயற்சிகள் எழுந்தபோது, குடிமக்கள் அமைப்பொன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடியது. இந்த ஈரநிலத்தை வேறு காரியங்களுக்கு மாற்றலாகாது என்று 1992இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் மாநில அரசு தனிச் சட்டமும் இயற்றியது. சட்டம் வந்த பிறகும் திருட்டுத்தனமாகக் குளம் தூர்க்கும் வழக்குகள் ஓயவில்லை. கால்வாய்கள் தூர்ந்துபோனதால் கடைக்கோடிக் குளங்களுக்குக் கழிவுநீர் போதவில்லை என்பதும் மீனவர்களின் குறை. சாக்கடை போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் மக்களை வேறெங்கும் காண்பது அரிது!

குளத்தால் ஆகாதது

இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பாக்டீரியாவால் கரிமப் பொருளைச் சிதைக்க முடியும். குரோமியம், காரீயம் போன்றவை தனிமங்கள். தனிமத்தை எந்தப் பாக்டீரியாவாலும் சிதைக்க முடியாது. தோல் பதனிடும் ஆலைகளிலிருந்தும் வேறு தொழிற்சாலைகளிலிருந்தும் இவை வந்தால் சேற்றிலும் செடியிலும் மீனிலும் சேரும். எனவே தொழிற்சாலைக் கழிவை ஆலையின் வாயிலிலேயே பிரித்துச் சுத்திகரிக்க வேண்டும். அதுபோலவே, குப்பையில் பிளாஸ்டிக் கலந்தால் அது மக்கி உரமாகாது. நகரத்தார் வீட்டில் தரம் பிரித்துப் போடாத குப்பை, தாப்பா விவசாயியின் வயலைக் கெடுக்கிறது. இயற்கை நமக்காக உழைக்கும். ஆனால் அதன் வேலையைச் செய்ய விடும்படியான கழிவைத்தான் நாம் தர வேண்டும்.

‘வளங்குன்றா வளர்ச்சி’ என்ற சொற்றொடரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்றைய தேவைகளை நிறைவேற்றும்போது, வருங்காலத்தார் தம் தேவைகளை நிறைவேற்ற முடியாமற் செய்துவிடாத வளர்ச்சி என்பது இதன் பொருள். கொல்கத்தாக் குளங்கள் இதை எளிதாக விளக்குகின்றன. நீரும் சத்தும் நகருக்குள் நுழைந்து, கழிவாக வெளியேறி, உணவாகத் திரும்பி வருகின்றன. நேர்கோடாக ஓடும் நகரம் ஒருபுறம் வளத்தைத் தீர்க்கிறது. மறுபுறம் குப்பையைக் குவிக்கிறது. வட்டமாகச் சுழலும் நகரமே நெடுநாள் வாழும்.

நம் சென்னைக்கும் இது தொலைவான செய்தியன்று. தென் சென்னையின் மழைநீரைத் தாங்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் குப்பைக் கிடங்காலும் கட்டடங்களாலும் மிகவும் சுருங்கிவிட்டது. 2015 டிசம்பர் பெருமழையில் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் நீரில் மூழ்கின. எஞ்சிய சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ‘வெற்று நிலம்’ என்று நாம் நினைப்பது உண்மையில் வேலையற்ற நிலமன்று என்பதை இரு நகரங்களும் கூறுகின்றன.

செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடிச் சாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பச்சை நிறமான குளத்து நீரைச் சம அளவு ஊற்றுங்கள். லிட்டருக்கு நான்கு கரண்டி வீதம் அரிசி களைந்த நீரைச் சேருங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். ஒன்றை வெளிச்சம் படும் சன்னல் ஓரத்திலும், மற்றதை இருண்ட அலமாரியிலும் வையுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் நிறம், மணம், குமிழி ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். எந்தச் சாடி முதலில் நாற்றமெடுக்கிறது? ஏன்? தொட்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறவாதீர்கள்.

பிறகு உங்கள் தெருச் சாக்கடை எங்கே போகிறது என்று ஆசிரியரையோ, ஊராட்சி அல்லது நகராட்சி ஊழியரையோ கேட்டு, அதன் வழியை ஒரு தாளில் வரையுங்கள். அது சென்று சேரும் இடத்தில் ஏரியோ குளமோ இருக்கிறதா? இருந்தால், அது உங்களுக்காக என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். துருபஜோதி கோஷ் தொடங்கியதும் இதே கேள்வியில்தான்.